துளி எண்ணும் தண்ணீர்ப் பெட்டி: எண்ணூரிலும் கண்ணகி நகரிலும் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்?

பள்ளிக்கூட டிபன் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் குப்பிகள், மூடியின் உட்புறம் ஒரு வண்ண அட்டை, இரண்டு மூன்று கண்ணாடிக் குழாய்கள், ஊசியில்லாத ஒரு சிரிஞ்ச். தண்ணீரை அளந்து ஊற்றி, மருந்தைத் துளித் துளியாக விட்டு, நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். ஒரு துளிக்கு இத்தனை மில்லிகிராம் என்று பெட்டியோடு வரும் தாளில் போட்டிருக்கும். களத்தில் தண்ணீர் சோதிக்க விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த வார்ப்புதான்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இதே வகைப் பெட்டியைக் கையில் தருகிறார்கள். ஆனால் 2019-ல் தொடங்கிய அந்தத் திட்டம் ஊரகத்துக்கு மட்டும். சென்னை நகரத்துக்குள்ளிருந்து பெயர்க்கப்பட்டு, பள்ளிக்கரணைக் கழுவெளியை ஒட்டிய பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடியமர்த்தப்பட்டவர்களின் கண்ணகி நகர் அந்தக் கணக்கில் வராது. வடசென்னைக் கடலோரத்து எண்ணூர்க் குப்பங்களும் வராது. நகரத்தில் பெட்டி வேண்டுமென்றால் சொந்தக் காசில் வாங்க வேண்டும். சூழலியலைச் சமூக நீதியோடு சேர்த்துப் படிக்கிற கல்லூரிக் குழுக்கள், குடியிருப்போர் சங்கங்கள், குப்பத்து இளைஞர் மன்றங்கள் என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குளோரைடு, கடினத்தன்மை, காரத்தன்மை மூன்றிலும் பெட்டி கொடுத்த காசுக்கு உழைக்கிறது. மீதிக் குளோரின் பரவாயில்லை. அமோனியா நல்ல தண்ணீரில் சரி, உப்புத் தண்ணீரில் ஏமாற்றும். புளோரைடும் நைட்ரேட்டும் சுமார். உலோகம், எண்ணெய் இரண்டுக்கும் பெட்டியில் குப்பியே கிடையாது.

முதலில் நன்றாக வேலை செய்வதைப் பார்ப்போம். குளோரைடுக்கு மஞ்சள் நிறப் பொட்டாசியம் குரோமேட்டை இரண்டு துளி விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட்டை எண்ண வேண்டும். மஞ்சள் மறைந்து, குலுக்கினாலும் போகாத செங்கல் நிறம் லேசாகத் தட்டும் கணம்தான் நிறுத்தும் இடம். நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருப்பவர்கள் இரண்டு மூன்று துளி கூடுதலாக எண்ணிவிடுகிறார்கள். கடினத்தன்மைக்கு ஈடிடிஏ கரைசல்: பீட்ரூட் சாறு நிறம் சுத்த நீலமாக வேண்டும். ஊதாவில் நிறுத்தினால் கணக்கு குறையும். அதோடு சேர்க்கிற பஃபர் (தண்ணீரின் காரநிலையை மாறாமல் வைக்கும் கரைசல்) குப்பியைத் திறந்ததும் அமோனியா நெடி மூக்கைத் தாக்கவில்லையென்றால் அது செத்துப்போன குப்பி. அதை வைத்துச் செய்கிற சோதனையில் நிறம் மாறும் இடமே மங்கிவிடும்.

துளிதான் இந்தப் பெட்டியின் பலவீனமும். குப்பியைச் செங்குத்தாகக் கவிழ்த்தால் ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ 20 துளி விழும். சாய்த்துப் பிடித்தால் துளியின் அளவே மாறிவிடும். ஒருவர் செங்குத்தாகவும் இன்னொருவர் சாய்த்தும் பிடித்தால் ஒரே கிணற்றுக்கு இரண்டு விடை வரும். ஒரு துளி 20 மி.கி. என்றிருக்கும் குப்பியில் 13 துளி என்பது 260. ஒரு துளி முன்பின் போனாலே 240 முதல் 280 வரை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-ன்படி குளோரைடின் ஏற்கத்தக்க அளவு 250, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1000 வரை. ஆக, 260 என்ற விடையை வைத்துக்கொண்டு எல்லை மீறிவிட்டது என்று யாரிடமும் வாதாட முடியாது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சில் 0.01 மி.லி. வரை கோடு இருக்கும். ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, துளிக்குப் பதில் அதால் மருந்தை அளந்து விட்டால் ஆய்வக பியூரெட்டின் ஏழைச் சித்தப்பா தயார். 20 துளி ஒரு மி.லி. என்பதால் 0.05 மி.லி.தான் ஒரு துளி; அதையும் ஐந்தாகப் பகுக்கலாம். மாதிரித் தண்ணீரை இரட்டிப்பாக எடுத்து விடையைப் பாதியாக்குவது இன்னொரு வழி. மருந்து வேகமாகத் தீரும், அவ்வளவுதான்.

பெட்டியே சரியாக இருக்கிறதா என்பதை வீட்டு உப்பை வைத்துப் பார்த்துவிடலாம். கல்லுப்பைப் பொடித்து வாணலியில் ஈரம் போக வறுத்து ஆறவிடவும். 0.01 கிராம் காட்டும் தராசில் 1.65 கிராம் எடுத்து ஒரு லிட்டர் வாலைநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) கரைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 1000 மி.கி. குளோரைடு. அதில் ஒரு பங்கோடு மூன்று பங்கு வாலைநீர் சேர்த்தால் 250. பெட்டி 230-லிருந்து 270-க்குள் சொன்னால் நம்பி எடுத்துப் போகலாம். 350 என்றால் சில்வர் நைட்ரேட் வீரியம் இழந்துவிட்டது. வெளிச்சம் பட்டு அடியில் கறுப்பு படிந்திருக்கும். வாலைநீர் என்று கேன் தண்ணீரை எடுத்துவிடக் கூடாது. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் பேனா மீட்டர் (நுனியைத் தண்ணீரில் விட்டால் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, என்று ஒரு எண் காட்டும் சிறு கருவி) அதில் 5-க்கு மேல் காட்டினால் வேறு கடை பார்க்கவும். சில்வர் நைட்ரேட் கையில் பட்ட இடம் மறுநாள் கறுக்கும், ஒரு வாரம் போகாது.

பேனா மீட்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பல பெட்டிகளோடு ஒன்று சேர்ந்தே வருகிறது. தனியாக ரிச்சி தெருவிலும் இணையத்திலும் ஐந்நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். அது டிடிஎஸ்ஸை அளப்பதில்லை. மின்கடத்தலை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டர்கள் 0.5-ஆலும் சில 0.7-ஆலும் பெருக்கும். மின்கடத்தல் 1413 மைக்ரோசீமன்ஸ் உள்ள கரைசலில் நுனியை வைத்தால் முதல் வகை 706 என்றும் இரண்டாம் வகை 989 என்றும் காட்டும். இரண்டு தெருவுக்கு இரண்டு மீட்டரை எடுத்துப் போய், அந்தத் தெருவில் தண்ணீர் மோசம் என்று சண்டை மூளுவதற்கு இது ஒன்றே போதும். மீட்டரில் மின்கடத்தலையே காட்டும் பொத்தான் இருந்தால் அதையே எழுதிக்கொள்வது நல்லது. வெப்பத் திருத்தம் இல்லாத மலிவு மீட்டரில் ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் வரை எண் நகரும். காலையில் சம்ப்பிலும் மதியம் மொட்டைமாடித் தொட்டியிலும் எடுத்த எண்களை ஒப்பிடக் கூடாது.

முக்கியமான இன்னொன்று: டிடிஎஸ் குறைவு என்பதால் தண்ணீர் சுத்தம் ஆகிவிடாது. சாக்கடை கலந்த குழாய்த் தண்ணீர் 300-ம் காட்டலாம். ஆர்.ஓ. விற்க வருகிறவர் இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு, உங்கள் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டும் வித்தை கரைந்த உப்பினால் மின்சாரம் பாய்ந்து இரும்புக் கம்பியே துருவாகக் கரைவதால் வருவது. உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். அது தண்ணீரின் அழுக்கு இல்லை, கம்பியின் துரு.

காரத்தன்மைக் குப்பியைப் பலர் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. தென்சென்னைக் கடலோரத்தில், திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை போர் போட்டிருப்பவர்களுக்கு அதுதான் தங்கக் குப்பி. குளோரைடை 35.5-ஆல் வகுக்கவும், காரத்தன்மையை (கால்சியம் கார்பனேட்டாகச் சொல்லும் எண்ணை) 50-ஆல் வகுக்கவும், முதல் விடையை இரண்டாவதால் வகுக்கவும். 0.5-க்குக் கீழ் என்றால் கடல்நீர்ச் சந்தேகம் இல்லை. 1.3-ஐத் தாண்டினால் கவலை, 2.8-ஐத் தாண்டினால் நிலைமை மோசம். எடுத்துக்காட்டாகக் குளோரைடு 710, காரத்தன்மை 300 என்றால் 20-ஐ 6-ஆல் வகுக்க 3.3. கடலில் இதே விகிதம் 200-ஐத் தாண்டும். உப்பு ஏறியது கடலாலா, கழிவுநீராலா, போருக்குள்ளேயே திருப்பி விடும் ஆர்.ஓ. கழிவாலா என்பதைக் குளோரைடு மட்டும் சொல்லாது. கழிவுநீரிலும் உப்பு உண்டு. ஆனால் அதோடு அமோனியாவும் நைட்ரேட்டும் சேர்ந்தே ஏறியிருக்கும். மழைக்கு முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஒருமுறை ஒரே கிணறுகளில் எடுத்தால் ஒரு தெருவின் நிலத்தடி நீர் யாருடைய ஆழமான போரால் கரைகிறது என்ற கேள்விக்கு ஆதாரம் சேரத் தொடங்கும். ஆழமாகத் துளைக்க வசதி உள்ளவர் உறிஞ்ச, பத்தடிக் கிணற்றுக்காரர் உப்பைக் குடிக்கிறார் என்பதை வெறும் கோபமாகச் சொல்லாமல் எண்ணாகச் சொல்ல இந்த ஒரு குப்பி உதவும்.

இனி எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் உப்பங்கழியில் இந்தப் பெட்டியை அப்படியே திறந்தால் பாதிக் குப்பி ஒரே மாதிரியில் காலி. கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு 19,000 மி.கி., கடினத்தன்மை 6,000-க்கு மேல். நூறு மடங்கு நீர்த்தாலொழியத் துளி எண்ணி முடியாது: 1 மி.லி. மாதிரியைச் சிரிஞ்சில் எடுத்து 99 மி.லி. வாலைநீரில் விட்டு, வரும் விடையை 100-ஆல் பெருக்க வேண்டும். சாதாரணப் பேனா மீட்டரும் 9,990-க்கு மேல் போகாது. உப்பை அளக்கக் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் கண்ணாடிக் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கும். வாலைநீர் ஒரு துளி விட்டுப் பூஜ்யத்தைச் சரிசெய்துவிட்டு எடுக்க வேண்டும். வெயிலில் சூடாகிக் கிடந்த கருவியை உடனே நம்பக் கூடாது.

அமோனியாவுக்கும் அதே கடைதான் தீர்வு. பெட்டியில் வருவது பெரும்பாலும் நெஸ்லர் கரைசல். உப்புத் தண்ணீரிலுள்ள மெக்னீசியமும் கால்சியமும் அதோடு சேர்ந்து கலங்கலாகப் படியும், மஞ்சள் நிறத்தைக் கண் பிரித்துப் பார்க்காது. மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் சாலிசிலேட் வகை, பச்சையாக மாறுவது, நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஒத்துவரும். நெஸ்லரில் பாதரசமும் இருக்கிறது. ஆற்றைக் காப்பாற்றப் போனவர்கள் பாதரசத்தைக் கழுவி வடிகாலில் விடுவது நன்றாக இருக்காது. சோதித்த தண்ணீரைத் தனிப் பாட்டிலில் சேர்த்து, கல்லூரி ஆய்வகத்தின் ஆபத்தான கழிவுக் கணக்கில் ஒப்படைக்க வேண்டும்.

அமோனியா எண்ணைத் தனியாக எழுதுவது வீண். பக்கத்திலேயே பிஎச்சும் (அமில, கார நிலையைச் சொல்லும் எண்) வெப்பமும் வேண்டும். மீனைக் கொல்வது அயனியாகாத அமோனியா. 30 டிகிரியில் மொத்த அமோனியாவில் அதன் பங்கு, பிஎச் 7-ல் 1 சதவீதத்துக்கும் கீழ், 8-ல் ஏறத்தாழ 7.5, 9-ல் 45. பச்சைப் பாசி பிடித்த நீரில் பிற்பகலில் பிஎச் ஏறும். காலை எட்டு மணிக்குப் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போன அதே நீர் மூன்று மணிக்கு விஷமாகலாம். ஆக்சிஜன் இதற்கு நேரெதிர். விடியலுக்கு முன்தான் அது அடிமட்டத்தில் இருக்கும். மீன் வளத்துக்கான நீர்நிலைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த பிரிவில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மி.கி.க்குக் குறையக் கூடாது, அயனியாகாத அமோனியா 1.2-க்கு மேல் கூடாது. பெட்டியில் ஆக்சிஜன் சோதனை கிடையாது. அதைத் தனியாக வாங்காமல் மீன் செத்து மிதக்கும் காரணத்தை யாரும் சொல்ல முடியாது.

2023 டிசம்பர் எண்ணூருக்கு இரண்டு அடி. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழியில் பரவிய எண்ணெய் ஒன்று. அதே மாதம் 26-ம் தேதி பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியா இன்னொன்று. எண்ணெயை இந்தப் பெட்டி பார்க்காது. அதற்குக் கண்ணாடிப் பாட்டில், மூடியில் அலுமினியத் தாள், உடனே ஐஸ், பிறகு ஆய்வகம். பிளாஸ்டிக்கில் எடுத்தால் எண்ணெய் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அனல்மின் நிலையச் சாம்பலில் உள்ள உலோகங்களுக்கு இதற்கு மாறாக அமிலத்தால் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில், நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2-க்குக் கீழ் இறக்கி அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே பாட்டிலில் எடுத்து வந்து நீட்டினால் ஆய்வகத்துக்கு அதனால் பயனில்லை. காற்றுக்கு இந்தப் பெட்டி எதுவும் செய்யாது. கடலூர் சிப்காட்டில் மக்கள் பிளாஸ்டிக் வாளிக்குள் சிறப்புப் பையை வைத்து நாற்றமடித்த நேரத்திலேயே காற்று மாதிரி பிடித்தார்கள். அது வேறு கருவி, வேறு மதிப்பீடு.

கண்ணகி நகர் மாதிரியான குடியிருப்பில் கேட்க வேண்டியது வேறு கேள்வி. குழாயின் கடைசி வீட்டுக்கு வரும்போது குளோரின் மீதி இருக்கிறதா? குறைந்தபட்சம் 0.2 மி.கி. இருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்து வீடு, நடுவீடு, கடைசி வீடு என மூன்று இடத்தில் தண்ணீர் விடும் நேரத்திலேயே பிடித்து, ஐந்து நிமிடத்துக்குள் பார்க்கவும். குடத்தில் வைத்துவிட்டு மாலையில் பார்த்தால் பறந்து போயிருக்கும். ஆர்தோடொலிடின் மஞ்சளாக்கும், இரும்பு இருந்தாலும் மஞ்சளாக்கும், தவிர அது கைபடக் கூடாத மருந்து. இளஞ்சிவப்பாக்கும் டிபிடி வகையே மேல். கூடவே எச்2எஸ் குப்பி: தண்ணீரை நிரப்பிச் சென்னையின் அறைச் சூட்டிலேயே வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் மலக் கலப்புச் சந்தேகம். ஊற்றிய சில நிமிடத்திலேயே கறுத்தால் அது கிருமி இல்லை, நிலத்தடி நீரில் ஏற்கெனவே இருந்த சல்ஃபைடு. கறுத்த குப்பியில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்த பிறகே கொட்டவும்.

பெட்டியோடு வரும் குறிப்புத் தாள்தான் எல்லாவற்றிலும் மோசம். இடம், தேதி, விடை என்று மூன்று கட்டம். தூக்கிப் போட்டுவிட்டு நாற்பது பக்க நோட்டு வாங்கலாம். மணி, ஏத்தமா வத்தமா (கடல் ஏறும் நேரமா, வற்றும் நேரமா), கடைசியாக மழை பெய்த நாள், எடுத்தவர், சோதித்தவர், குப்பியின் காலாவதித் தேதி, உப்புக் கரைசல் காட்டிய எண், வாலைநீர் காட்டிய எண். கடைசியில் அகலமான ஒரு கட்டம், பார்த்ததுக்கு. கழிக்குள் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர் சேறு கறுத்து முட்டை நாற்றமடிக்கிறது, இந்தப் பக்கம் மட்டி இல்லை என்று சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதவும். எங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்பதை அவரைக் கேட்காமல் வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டு வருகிற குழுக்கள் பெரும்பாலும் வத்தத்தில் தரை தட்டும் இடத்தில்தான் நிற்கின்றன.

இந்த எண்கள் சட்டத்தின் முன் எவ்வளவு தூரம் போகும்? 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ம் பிரிவின்படி, வாரிய அலுவலர் முறைப்படி முத்திரையிட்டு எடுக்கும் மாதிரியே அந்தச் சட்டத்தின் கீழ் சாட்சியம். உங்கள் துளி எண்ணிக்கை அங்கே நிற்காது. ஆனால் 2010-ம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 19-ம் பிரிவில், தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்கிறது. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அங்கேயும் பெட்டியின் எண் வழக்கை வெல்லாது. வாரியமே வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று கேட்பதற்கான அடிப்படையாக, தேதி வாரியாக இருந்தால், மதிப்புண்டு. அதே பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ம் பிரிவின் கீழ் போக, காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கணக்கு. அதனால் முதல் நாள் பக்கத்தைக் கிழிக்காமல் வைக்கவும். ஒவ்வொரு ஐந்தாவது மாதிரியையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கும் கொடுத்து இரண்டு எண்ணையும் அருகருகே எழுதினால் நோட்டின் எடை கூடும்.

எண்ணை வெளியிடுவதற்கு முன் ஒரு கூட்டம் போட வேண்டும். எண்ணூர்த் தண்ணீரில் இத்தனை அமோனியா என்று படம் போட்டால் மறுநாள் காசிமேட்டில் எண்ணூர் இறாலின் விலை விழும்; நட்டம் மாசுபடுத்தியவருக்கு இல்லை, வலைக்காரருக்கு. வாடகை வீட்டுக் குழாயின் விடையை வீட்டு எண்ணோடு போட்டால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். வெளியிடலாமா, எந்த ஊர்ப் பெயரோடு, எந்த அளவில் என்பதை நோட்டை எழுதியவர் முடிவு செய்யக் கூடாது, மாதிரி தந்த ஊர் முடிவு செய்ய வேண்டும். இதைச் சொல்லித் தரும் பயிற்சித் தாள் எந்தப் பெட்டியிலும் இல்லை.

வாங்குவதென்றால்: குப்பிகளைத் தனித்தனியாக மாற்ற முடிகிற பெட்டியா என்று பார்க்கவும், முடியாதென்றால் ஒரு குப்பி தீர்ந்ததும் பெட்டியே தீர்ந்தது. காலாவதித் தேதி குப்பியின் மேல் அச்சாகியிருக்க வேண்டும், வெளி அட்டையில் மட்டும் இருந்தால் வேண்டாம். சோதனைக் குழாய் கண்ணாடியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் குழாய் இரண்டு மாதத்தில் கீறல் விழுந்து நிறத்தை மறைக்கும். வண்ண அட்டையைத் திறந்த வெளி நிழலில் பார்க்கவும், டியூப் லைட்டில் மஞ்சள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மே மாத மதியம் பெட்டி கிடந்தால் பாதி மருந்து போச்சு. சில்வர் நைட்ரேட்தான் முதலில் தீரும். பாரிமுனைப் பக்கத்து வேதிப்பொருள் கடையில் அதே வீரியத்தில் கரைசல் கேட்டு, கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளவும்.